மணிக்கயிற்று வயலில் அரைக் காசு

"மறு பாதி எங்க?" என்று கேட்டான் ரோலண்ட்.

"மறு பாதின்னு ஒண்ணும் இல்லை, மிஸ்டர் தர்லோ. மண்ணுக்குள்ள இவ்வளவுதான் இருந்தது."

"இவ்வளவுதான் இருந்ததுன்னா? மீதியை முயல் தின்னுட்டுப் போயிடுச்சா?"

எங்கள் சமையலறை மேசையில் ஒரு சாஸர். சாஸருக்கு நடுவில் ஒரு வெள்ளிக் காசு. காசு என்றால் முழுசாக நினைத்துக்கொள்வீர்கள், அது பாதி. அரை நிலா மாதிரி ஒரு பக்கம் வளைவு, மறு பக்கம் கத்தி வைத்து வெட்டினாற்போல் நேர்கோடு. அந்த நேர்கோட்டைத்தான் என் தம்பி ரோலண்ட் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியும் மூக்குக்கு இறக்கியும்.

காசைக் கொண்டுவந்த நெவில் பிரைக் சாக்ஸ் காலோடு நின்றுகொண்டிருந்தார். பூட்ஸை வாசலில் கழற்றாமல் என் சமையலறைக்குள் யாரும் வர முடியாது. நல்ல மனிதர், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். ஓய்வு பெறும்வரை டவுனில் பல்செட் செய்துகொண்டிருந்தவர். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் சாப்பிடுவது அவர் செய்த பல்லால்தான். ரோலண்டின் பல்செட்டும் அவர் வேலைதான். கீழ்ப்பல் ஒருநாளும் சரியாக உட்கார்ந்ததில்லை என்பது ரோலண்டின் கட்சி. வாயை மூடி வைத்திருந்தால் உட்காரும் என்பது என் கட்சி.

நான் கல்யாணமாகிப் போய், புருஷன் போன பிறகு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். ரோலண்ட் கல்யாணமே வேண்டாமென்று டிராக்டரோடு இருந்துவிட்டவன். ஒரே வீட்டில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். இப்போது சண்டைக்கு மூன்றாவதாக ஒரு ஆள் கிடைத்துவிட்டார்.

இங்கிலாந்தில் எங்கள் சஃபோக் பக்கத்தில் பார்லி அறுத்து, வைக்கோலைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு போனதும், அடுத்த விதைப்புக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி கிடைக்கும். உலோகம் தேடும் மெஷின் வைத்திருப்பவர்கள் வருஷம் பூராவும் அதற்காகக் காத்துக் கிடப்பார்கள். பயிர் நிற்கும்போது வயலில் கால் வைக்க முடியாது, விதைத்துவிட்டால் அப்புறமும் முடியாது. அந்த இடைவெளியில் ஒரு வயலுக்கு அனுமதி வாங்குவது பெண் கேட்டு வருவது மாதிரி. விஸ்கி பாட்டிலோடு வருவார்கள், நாயைத் தடவிக்கொடுப்பார்கள், மழையைப் பற்றிப் பேசுவார்கள், அப்புறம்தான் மெதுவாக வாயைத் திறப்பார்கள். கிடைத்த அனுமதியைக் கூடப்பிறந்தவனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்.

ஒப்பந்தம் எங்கேயும் ஒன்றுதான். கிடைப்பதில் பாதி நிலத்துக்காரனுக்கு, பாதி தேடினவனுக்கு. விற்றால் வரும் விலையில் பாதி என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ரோலண்ட் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. கிடைப்பதில் பாதி என்றால், கிடைப்பதில் பாதி. நெவில் வயலிலிருந்து வந்ததும் இடுப்புப் பையை என் மேசையில் கவிழ்க்க வேண்டும். பீர் டின்னின் திறப்பு வளையம், தோட்டாவின் பித்தளை அடி, துருப்பிடித்த நட்டு, எவனோ ஒருத்தனின் கால்சட்டைப் பொத்தான்.

"இது உனக்கு, இது எனக்கு. இது உனக்கு, இது எனக்கு" என்று ரோலண்ட் பங்கு போடுவான்.

"குப்பையில எதுக்குடா பங்கு?" என்பேன்.

"என் நிலத்துக் குப்பை."

போன அறுவடையில் ஒரு லாடம் கிடைத்தது. ஒற்றை லாடம். ரோலண்ட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அறுத்துடு" என்றான்.

"லாடத்தையா?" என்றார் நெவில்.

"பாதின்னா பாதி."

இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர் அதை வீட்டுக்கு எடுத்துப் போய், பல்வேலைக்கு வைத்திருந்த மெல்லிய ரம்பத்தால் பொறுமையாக அறுத்து, பிசிறு போகத் தேய்த்து, டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். பாதி லாடம் இன்னமும் எங்கள் கொட்டகைக் கதவில் தொங்குகிறது.

அதனால்தான் இந்த அரைக் காசைப் பார்த்ததும் என் தம்பிக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

"நீ அறுக்கத் தெரிஞ்ச ஆளு நெவில். வீட்ல ரம்பம் வச்சிருக்கிற ஆளு."

"நீங்க சொல்லித்தானே அன்னிக்கு..."

"லாடத்தை அறுக்கச் சொன்னேன். வெள்ளியை அறுக்கச் சொன்னேனா? பாதியை எடுத்துப் பாக்கெட்ல போட்டுக்கிட்டே. மீதிப் பாதியைக் கொண்டுவந்து, 'வாங்க மிஸ்டர் தர்லோ, ஆளுக்குப் பாதி'ங்கறே. அப்ப என் கைக்கு வர்றது எவ்வளவு? கால். என் நிலம், என் பார்லி, என் டீசல். எனக்குக் கால் காசு."

"உன் டீசலை யாருடா இங்க கேட்டாங்க?" என்றேன்.

"நீ சும்மா இரு எனிட். இது வியாபாரம்." காசை எடுத்து முட்டை வைக்கும் கிண்ணத்தில் போட்டு அலமாரிமேல் ஏற்றினான். "மறு பாதி வந்து சேர்ற வரைக்கும் மணிக்கயிற்று வயல்ல கால் வைக்காதே. சனிக்கிழமை பெர்சி எண்ணெய்க் கடுகு விதைக்க வர்றான். அடுத்த வருஷத்துக்கு வயலைக் கெல்வின் கேக்கிறான். போன வாரம் விஸ்கியோட வந்து நின்னான். இதுவரைக்கும் நான் பதில் சொல்லலை."

நெவில் முகம் வெளுத்துவிட்டது. கெல்வின் என்பவன் அவர்கள் மெஷின்காரர் சங்கத்துக்குத் தலைவன். நெவிலுக்கு 'மூடி நெவில்' என்று பேர் வைத்தது அவன்தான், பாட்டில் மூடியைத் தவிர வேறெதுவும் கிடைக்காத மனிதர் என்பதற்காக.

வாசலில் குனிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தவரிடம், "அவன் கிடக்கிறான், மனசுல வச்சுக்காதீங்க" என்றேன்.

"என் முதல் வெள்ளி, எனிட். இத்தனை வருஷத்துல முதல் வெள்ளி. சத்தம் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு. தோண்டி எடுத்தேன். அங்கேயே உக்காந்துட்டேன்."

"பார்லி அறுத்த தாள் மேலயா? குத்தலையா?"

"குத்தியிருக்கு. வீட்டுக்குப் போனதும்தான் தெரிஞ்சது." கயிற்றைக் கட்டி முடித்து நிமிர்ந்தார். "காசை அவரே முழுசா வச்சுக்கட்டும். வயல் போயிடக்கூடாது. ஒண்ணு கிடந்த இடத்துல இன்னொண்ணு கிடக்கும். கெல்வின் அதைத் தேடி எடுத்துச் சங்கத்து மேசையில வச்சான்னா, நான் மெஷினை வித்துடுவேன்."

மறுநாள் அவரே ஜில்லா மியூசியத்துக்குப் போன் போட்டு, வயல்களில் கிடைக்கும் பழைய பொருளையெல்லாம் பார்த்துப் பதிவு செய்கிற பெண்ணை வரவழைத்தார். இமோஜன் என்று பேர். வாசலில் சொல்லாமலே பூட்ஸைக் கழற்றினாள், எனக்குப் பிடித்துப்போயிற்று. முட்டைக் கிண்ணத்திலிருந்து காசை எடுத்து ஒற்றைக் கண்ணில் லென்ஸை வைத்துப் பார்த்தாள்.

"அருமையா இருக்கு. கிட்டத்தட்ட எண்ணூறு வருஷம் இருக்கும்."

"இதோட பாதி எங்க?" என்றான் ரோலண்ட்.

"அதைச் செலவு பண்ணியிருப்பாங்க."

"யாரு?"

"எண்ணூறு வருஷத்துக்கு முன்னாடி இருந்தவங்க. அப்ப சில்லறைக் காசு கிடையாது, மிஸ்டர் தர்லோ. இருந்தது வெள்ளிப் பென்னி ஒண்ணுதான். பாதி பென்னிக்கு ரொட்டியோ எதுவோ வாங்கணும்னா, காசைப் பாதியா வெட்டிக் கொடுப்பாங்க. பின்னாடி சிலுவை போட்டிருக்கு பாருங்க, அந்தக் கோடு பார்த்து வெட்டுவாங்க."

"வெட்டின காசை எவன் வாங்குவான்?"

"எல்லாரும் வாங்கினாங்க."

"நான் வாங்க மாட்டேன்."

"உன்கிட்ட யாரும் கொடுக்கலைடா" என்றேன்.

இமோஜன் பொறுமையாகக் காசைத் திருப்பினாள். "வெட்டு புதுசா இருந்தா அந்த ஓரம் பளபளன்னு இருக்கும். இது கறுத்துப்போயிருக்கு பாருங்க, மத்த இடம் மாதிரியே."

ரோலண்ட் இதற்குத்தான் காத்திருந்தவன்போல் நாற்காலியில் சாய்ந்தான். "எனக்குப் பல்செட் பண்ணினப்ப, உண்மைப் பல்லு மாதிரி இருக்கணும்னு டீக்கறையோட பண்ணிக் கொடுத்தவன் அவன். பல்லைக் கறுக்க வைக்கத் தெரிஞ்சவனுக்கு வெள்ளியைக் கறுக்க வைக்கத் தெரியாதா?" சொன்னதோடு விடாமல் கீழ்ப்பல்லைக் கழற்றி அவளுக்குக் காட்டினான். அந்தப் பெண் லென்ஸை இறக்கிவிட்டுப் பார்த்தாள்.

"நல்ல வேலை" என்றாள்.

"நான் அதைக் கேக்கலை. மறு பாதி என் வயல்ல இல்லைன்னு உன்னால நிச்சயமாச் சொல்ல முடியுமா?"

"நிச்சயமா எப்படிச் சொல்றது? இருக்கிறது கஷ்டம். எங்கேயோ எவன் பைக்கோ போயிருக்கும்."

"நிச்சயமாச் சொல்ல முடியாது, இல்ல? அப்ப நானே தேடறேன். கிடைச்சா நெவில் யோக்கியன். கிடைக்கலைன்னா அது அவன் வீட்ல இருக்கு."

இந்தக் கணக்கு எங்கே தப்பு என்று அவனுக்கு விளக்க நானும் அந்தப் பெண்ணும் ஒரு பானை டீ காலியாகும்வரை முயன்றோம். கடைசியில் அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் போக வேறு இடம் இல்லை.

தேட மெஷின் வேண்டுமே. ரோலண்டுக்கு வெட்கமென்பதே கிடையாது. நெவிலுக்கே போன் போட்டு, "உன் மெஷினைக் கொண்டா. நீ வயலுக்குள்ள வரக்கூடாது, மெஷின் வரலாம்" என்றான்.

"சார்ஜ் போட்டு எடுத்துட்டு வரேன்" என்றாராம் நெவில். "தோண்டின குழியை மட்டும் மூடிடுங்க மிஸ்டர் தர்லோ."

வெள்ளிக்கிழமை காலை. மணிக்கயிற்று வயல் என்பது சர்ச் மணிக்குக் கயிறு வாங்க எந்தக் காலத்திலோ யாரோ எழுதி வைத்தது; இப்போது கயிறும் எங்கள் செலவில்லை, மணியும் யாரும் அடிப்பதில்லை. கேட்டுக்கு வெளியே சாலையோரம் நெவில். கேட்டுக்கு உள்ளே என் தம்பி, காதில் ஹெட்போன், கையில் மெஷின், முகத்தில் போலீஸ்காரன் களை. நான் மடக்கு நாற்காலி போட்டு, பிளாஸ்க்கையும் சாசேஜ் ரோல் டப்பாவையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், பொய் சொல்லி என்ன.

"மெதுவா, மிஸ்டர் தர்லோ. புல் வெட்டுற மாதிரி வீசாதீங்க. தரையை ஒட்டித் தடவிக்கிட்டே போங்க."

"என்ன?"

"ஹெட்போனைக் கழட்டிட்டுக் கேளுங்க."

"என்ன?"

இரண்டடி நடந்ததும் மெஷின் கத்தியது. அடுத்த அடிக்கும் கத்தியது. எந்தப் பக்கம் திருப்பினாலும் கத்தியது. ரோலண்ட் ஒரு கன்றுக்குட்டியைப் புதைக்கிற அளவுக்குக் குழி தோண்டிவிட்டான்; ஒன்றும் இல்லை. குழியைச் சுற்றி நடந்தான். சுற்றி நடந்த இடமெல்லாம் கத்தியது.

"வயல் பூரா வெள்ளி நெவில். இத்தனை வருஷமா என்னத்தைத் தேடினே நீ?"

நெவில் கேட்டின்மேல் எட்டிப் பார்த்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உங்க பூட்ஸ், மிஸ்டர் தர்லோ. மூக்குல இரும்பு வச்சது. மெஷின் உங்க காலைப் பார்த்துத்தான் கத்துது."

நான் சாசேஜ் ரோலை விழுங்க முடியாமல் இருமினேன்.

கடைசியில் நெவில் தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கேட்டுக்கு மேலாகக் கொடுத்தார். ரோலண்ட் தன்னுடையதைக் கழற்றி அந்தப் பக்கம் எறிந்தான். ரப்பர் பூட்ஸ் அவனுக்கு ஒரு அளவு சின்னது. விந்தி விந்தி நடந்தான். நெவில் என் தம்பியின் இரும்பு மூக்கு பூட்ஸுக்குள் காலை விட்டுக்கொண்டு, அப்பாவின் செருப்பைப் போட்டுக்கொண்ட பிள்ளைபோல் நின்றார்.

அதற்குப் பிறகு மெஷின் ஒழுங்காகப் பேசியது. முதலில் தோட்டா அடி. அப்புறம் தோட்டா அடி. அதற்கும் அப்புறம் தோட்டா அடி.

"எவண்டா இங்க வந்து இத்தனை சுட்டிருக்கான்?" என்றான்.

"நீதான். புறாவை விரட்டுறேன்னு வருஷம் தவறாம சுடற. ஒண்ணும் செத்ததில்லை" என்றேன்.

என் டப்பா பாதி காலியாவதற்குள் ரோலண்ட் நடக்கிற நடை மாறியிருந்தது. மெதுவாக, குனிந்து, தரையைத் தடவிக்கொண்டு, காதை மட்டும் மெஷினிடம் கொடுத்துவிட்டு. வயலின் நடுவில் நின்றான். முன்னால் தடவினான், பின்னால் தடவினான். முழங்காலில் விழுந்தான். சர்ச்சில்கூட முட்டி வலி என்று உட்கார்ந்தே ஜெபம் பண்ணுகிறவன் அவன்.

"கேட்டுதா?" என்றார் நெவில், யாரிடம் என்றில்லாமல். அவர் இரண்டு கையாலும் கேட்டின் கம்பியைப் பிடித்திருந்தார். "அது நல்ல இடம். அந்த இடத்துல குனிஞ்சா நல்ல சத்தமாத்தான் இருக்கும்."

ரோலண்ட் எழுந்திருக்கவே இல்லை. மண்ணை விரலால் உதிர்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் எழுந்து, கையை இறுக மூடிக்கொண்டு விந்தி விந்தி வந்தான்.

"என்ன கிடைச்சது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லை."

"கையைத் திற."

"ஒண்ணுமில்லைன்னா..."

"ரோலண்ட். கையைத் திற."

திறந்தான். உள்ளங்கையில் மண்ணோடு ஒரு வெள்ளித் துண்டு. வட்டமான கேக் ஒன்றை நாலாக வெட்டி ஒரு துண்டை எடுத்து வைத்தது மாதிரி. இரண்டு பக்கம் நேர்கோடு, ஒரு பக்கம் வளைவு. கால் காசு.

நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கு மேலாகக் குனிந்து பார்த்தோம். ரோலண்டுக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது. "பாத்தியா எனிட்? மறு பாதியையும் ரெண்டா அறுத்திருக்கான். ஒரு துண்டு கை தவறி விழுந்திருக்கு." சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை முடிச்சை எடுத்தான். அரைக் காசை அதில் கொண்டுவந்திருந்தான். இரண்டையும் ஒட்டி வைத்தான். பொருந்தவில்லை. திருப்பி வைத்தான். அப்போதும் பொருந்தவில்லை.

"பொருந்தாது, மிஸ்டர் தர்லோ" என்றார் நெவில் மெதுவாக. "அரைக் காசுல சிலுவை சின்னது, நடுவுல நின்னுடுது. இதுல சிலுவை ஓரம் வரைக்கும் போகுது. இது வேற காசு. அதுக்கப்புறம் அடிச்ச காசு."

"வேற காசா?"

"வேற."

"அப்ப இதோட..." என்று ஆரம்பித்து ரோலண்ட் நிறுத்திக்கொண்டான்.

நான் நிறுத்தவில்லை. "நெவில், ஒப்பந்தப்படி தேடினவருக்குப் பாதி, நிலத்துக்காரருக்குப் பாதி. மெஷின் உங்களுது, பூட்ஸ் உங்களுது. இந்தக் காசுல உங்களுக்கும் பங்கு இருக்கு. மீதி எங்கன்னு கேளுங்க."

"வேண்டாம் எனிட், அவருக்குக் கஷ்டமா..."

"கேளுங்க. இல்லைன்னா இனி என் வீட்ல உங்களுக்கு டீ கிடையாது."

நெவில் தொண்டையைக் கனைத்தார். தொப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "மிஸ்டர் தர்லோ, தப்பா எடுத்துக்காதீங்க. மீதி முக்கால் எங்க?"

ரோலண்ட் அவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், உள்ளங்கையைப் பார்த்தான். கீழ்ப்பல்லைக் கழற்றி, கைக்குட்டையில் துடைத்து, மறுபடி மாட்டினான்.

"இவ்வளவுதான் இருந்தது" என்றான்.

"ஆங்" என்றேன்.

"சத்தியமா எனிட். நான் தோண்டினதை நீயே பாத்தே. மண்ணுக்குள்ள இவ்வளவுதான்..."

"நான் நம்பறேன் மிஸ்டர் தர்லோ" என்றார் நெவில். குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் ரோலண்ட் ஒரு சண்டை போட்டுத் தப்பித்திருப்பான். அந்த மனிதர் உண்மையாகவே நம்பித் தொலைத்தார். என் தம்பிக்குப் போக வழியே இல்லை.

காற்றில் வைக்கோல் துரும்பு பறந்துகொண்டிருந்தது. ரோலண்ட் அரைக் காசையும் கால் காசையும் கைக்குட்டையில் வைத்து முடிந்தான். அந்த முடிச்சைக் கேட்டுக்கு மேலாக நெவிலிடம் நீட்டினான்.

"உங்க சங்கத்து மேசையில வை. ரெண்டையும் வை. கெல்வின் பார்க்கட்டும்."

"உங்க பாதி?"

"அப்புறம் பார்த்துக்கலாம்." கேட்டின் சங்கிலியைக் கழற்றினான். வழக்கமாக அது சிக்கிக்கொள்ளும், அன்றைக்கும் சிக்கியது, அதோடு ஒரு மல்லுக்கட்டு. "உள்ள வா. சும்மா வெளியில நின்னு பேசிக்கிட்டே இருக்காதே. முக்கால் கேட்டியே, வந்து தேடு."

நெவில் முடிச்சை மார்ப்பக்கத்துப் பையில் போட்டு, பொத்தானை மாட்டி, மேலே கையை வைத்துக்கொண்டே உள்ளே வந்தார். மெஷினுக்குக் கையை நீட்டினார்.

ரோலண்ட் கொடுக்கவில்லை. "இரு, இந்த வரிசையை முடிச்சிடறேன். நீ பக்கத்துல வராதே, உன் கால்ல என் பூட்ஸ் இருக்கு."

அப்போதுதான் அவன் பையில் போன் அடித்தது. விதைக்கிற பெர்சி. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் விலக்கிக்கொண்டு பேசினான். பெர்சி எப்போதும் கத்திப் பேசுகிற ஆள், எனக்கும் கேட்டது.

"நாளைக்குக் காலையில வந்துடவா ரோலண்ட்?"

"நாளைக்கு வேண்டாம்."

"திங்கள்ல இருந்து மழைன்னு சொல்றாங்களே."

"பெய்யட்டும்" என்றான் என் தம்பி, பிறந்ததிலிருந்து அறுவடைக்கும் விதைப்புக்கும் நடுவில் பெய்யும் மழையைத் திட்டியே வளர்ந்தவன். "மண்ணு ஈரமா இருந்தாச் சத்தம் நல்லாக் கேக்குமாம். நெவில் சொல்றான்."

நெவில் அப்படி எதுவும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. அவர் மறுக்கவும் இல்லை. என் தம்பி திறந்து போட்ட முதல் குழியைக் காலால் மண் தள்ளி மூடிக்கொண்டிருந்தார்.